கிளியோபாத்ரா எழுதிய பிரெஞ்சுக் கடிதம்

நான் பள்ளியில் படித்தது பிரெஞ்சு வழியில். கணக்கு வாத்தியார் கரும்பலகையில் நீளமாக ஒரு கோடு இழுத்து, அதன்மேல் மூன்று புள்ளிகள் வைப்பார். முதல் புள்ளியிலிருந்து இரண்டாவதுக்கு உள்ள தூரத்தையும், இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு உள்ள தூரத்தையும் பிளஸ், மைனஸ் குறியோடு கூட்டினால், முதலிலிருந்து மூன்றாவதுக்கு உள்ள தூரம் கிடைத்துவிடும். புள்ளிகள் முன்னும் பின்னும் மாறிக் கிடந்தாலும் கணக்கு தப்பாது. இதற்கு 'ரெலாசியோன் தெ ஷால்' என்று பெயர். என்னோடு படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிரெஞ்சில் 'ஷால்' என்று சொன்னால் சால்வை என்றும் காதில் விழும். அதனால் கடைசி பெஞ்சில் எப்போதும் ஒரு சிரிப்பு கிளம்பும். ஷால் என்பவர் பெரிய கணித மேதை என்று வாத்தியார் ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டார்.

அவர் சொல்லாமல் விட்ட கதை எனக்குத் தெரிய வந்தது ஓய்வு பெற்ற பிறகுதான். முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்கக் காகிதத்தோடு குப்பை கொட்டியவன் என்பதால் அந்தக் கதை என்னைச் சும்மா விடவில்லை.

மிஷேல் ஷால் பிறந்தது 1793இல். பாரிஸ் விஞ்ஞான அக்காதெமியில் உறுப்பினர். 1865இல் லண்டன் ராயல் சொசைட்டி தன் உயர்ந்த விருதான கோப்ளி பதக்கத்தை அவருக்குக் கொடுத்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவருக்கு இருந்த ஒரே ஆசை, பழைய பெரியவர்களின் கையெழுத்துக் கடிதங்களைச் சேர்ப்பது.

1861 வாக்கில் அவரைத் தேடி ஒருவன் வந்தான். பெயர் வ்ரேன் லூக்கா. ஷாத்தோதன் பக்கத்தில் ஒரு கிராமம், ஏழைக் குடும்பம். ஊரில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்துவிட்டு 1852இல் பாரிசுக்கு வந்தவன். பெரிய நூலகத்தில் வேலைக்கு முயன்றிருக்கிறான். லத்தீன் தெரியாது, பாக்கலொரெயா தேறவில்லை என்று கிடைக்கவில்லை. பிறகு, புதுப் பணக்காரர்களுக்குப் பழைய வம்சாவளி தயாரித்துக் கொடுக்கும் ஒரு கடையில் போய்ச் சேர்ந்தான். தொழில் அங்கே படிந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

அவன் ஷாலிடம் சொன்ன கதை இது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் ஒரு பிரபு தன் குடும்பத்துப் பழைய கடிதங்களை மூட்டை கட்டிக்கொண்டு 1791இல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். கப்பல் உடைந்தது. கடிதங்களில் பல தண்ணீரில் நனைந்தாலும் தப்பித்தன. இப்போது அவை ஒரு முதியவர் கையில் இருக்கின்றன. அவருக்குப் பணக் கஷ்டம், பெயர் வெளியே வரக்கூடாது, ஒவ்வொன்றாக விற்கிறார். நான் வெறும் இடைத்தரகன்.

எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்! தாளில் கறை இருந்தால் கடல் தண்ணீர். மொத்தமாகப் பார்க்க வேண்டும் என்றால் முதியவருக்குக் கௌரவம். வீட்டைக் காட்டு என்றால் ரகசியம். கேட்கக்கூடிய கேள்விக்கெல்லாம் பதிலை முன்கூட்டியே கதைக்குள் வைத்துவிட்டான்.

வேலை செய்த முறை எளிமையானது. பகலில் நூலகத்தில் உட்கார்ந்து படிப்பான். பழைய புத்தகங்களில் முன்னும் பின்னும் உள்ள வெற்றுத் தாள்களைக் கிழித்துக்கொள்வான். மையைத் தானே காய்ச்சுவான். எழுதி முடித்த தாளை விளக்குச் சூட்டில் காட்டிப் பழுப்பாக்குவான். எட்டு வருடத்தில் ஷாலுக்கு அவன் விற்றவை 27,000க்கும் மேல். நான் பென்சிலால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஞாயிறு, பண்டிகை எதுவும் கழிக்காமல் ஒரு நாளைக்கு ஒன்பது கடிதம் வருகிறது. எங்கள் அலுவலகத்தில் அந்த வேகத்தில் எழுதிய ஒருவரை நான் பார்த்ததில்லை. ஷால் கொடுத்த தொகை 1,40,000க்கும் 1,50,000க்கும் இடைப்பட்ட பிராங்க். கடிதம் ஒன்றுக்கு ஐந்தரை பிராங்க்கூட விழவில்லை.

யார் யார் கடிதம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். பஸ்கால், கலிலேயோ, நியூட்டன், ரபலே என்பதோடு அவன் நிற்கவில்லை. அலெக்சாண்டர் தன் குரு அரிஸ்டாட்டிலுக்கு எழுதியது. மகதலா மரியாள் லாசருக்கு எழுதியது. பொந்தியு பிலாத்து ரோமச் சக்கரவர்த்திக்கு எழுதியது. 'கோலுவாக்களே நம் முன்னோர்கள்' என்று நம்மூர்ப் பிள்ளைகளையும் படிக்க வைத்தார்களே, அந்தக் கோலுவாக்களின் தலைவன் வெர்சேன்ழெதொரிக்ஸ் எழுதியதுகூட உண்டு. கிளியோபாத்ரா சீசருக்கு எழுதியதில், நம் பையன் நலமாக இருக்கிறான், பயணம் தாங்கும் அளவுக்குத் தேறியதும் அவனை மர்சேய்க்குப் படிக்க அனுப்பப் போகிறேன், அங்கே காற்றும் நல்லது, படிப்பும் நல்லது என்று விவரம்! படிக்கும்போது எனக்குப் புதுச்சேரித் தாய் யாரோ எழுதியது போலவே இருந்தது.

எல்லாம் பிரெஞ்சில். பழைய மாதிரிப் பிரெஞ்சு, அவ்வளவுதான். எகிப்து ராணி எதற்குப் பிரெஞ்சில் எழுத வேண்டும் என்று கேட்டால், இவை மூலம் அல்ல, பிற்காலத்துப் பண்டிதர்கள் பெயர்த்தெழுதி வைத்த நகல்கள் என்று அதற்கும் ஒரு பதில் இருந்தது.

இத்தனையும் ஒரு மனிதரின் வீட்டுக்குள் இருந்தவரை யாருக்கும் நஷ்டமில்லை. 1867 ஜூலையில் ஷால் அதை அக்காதெமிக்குக் கொண்டுபோனார். ஈர்ப்பு விசையைக் கண்டுபிடித்தவர் இங்கிலாந்து நியூட்டன் அல்ல, நம் பஸ்கால்தான், இதோ அவர் கைப்பட எழுதிய கடிதங்கள் என்று மேஜைமேல் வைத்தார். பிரான்சுக்கு எப்படி இருந்திருக்கும்!

எதிர்ப்பு உடனே கிளம்பியது. பஸ்காலின் கையெழுத்துப் பிரதிகளைப் பதிப்பித்திருந்த ஃபோழேர், இது பஸ்கால் எழுத்தே இல்லை என்றார். நியூட்டன் வரலாற்றை எழுதிய ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் புரூஸ்டர் ஒரு எளிய கேள்வி கேட்டார். 1654இல் பஸ்கால் நியூட்டனுக்கு எழுதியதாக ஒரு கடிதம் இருக்கிறதே, நியூட்டன் பிறந்தது 1642 கடைசியில். பதினோரு வயதுப் பையனோடு பஸ்காலுக்கு என்ன விஞ்ஞானப் பேச்சு?

இங்கேதான் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து நடந்தேன். ஏனென்றால் அந்தக் கேள்விக்குச் சீக்கிரமே பதில் கடிதம் வந்துவிட்டது. நியூட்டன் சிறு வயதிலேயே மேதை என்று காட்டும் கடிதங்கள். மகனுக்குக் காட்டும் அன்புக்காக நியூட்டனின் தாயார் பஸ்காலுக்கு நன்றி சொல்லும் கடிதம். (அந்த அம்மாள் மறுமணம் செய்து வேறு குடும்பப் பெயருக்கு மாறிப் பல வருடம் ஆகியிருந்தது. கடிதத்தில் பிறந்த வீட்டுப் பெயரில் கையொப்பம்!) கலிலேயோவுக்கு 1638க்குள் பார்வை முழுதும் போய்விட்டதே, 1641இல் எப்படித் தன் கையால் எழுதினார் என்று கேட்டார்கள். பார்வை முழுதாகப் போகவில்லை என்று காட்ட இன்னொரு கடிதம் வந்தது. அக்காதெமியில் ஒரு ஆட்சேபணை எழுந்தால், ஷால் லூக்காவிடம் சொல்வார். லூக்கா 'முதியவரிடம் தேடிப் பார்க்கிறேன்' என்று போவான். சில நாளில், கேட்ட கேள்விக்கு நேர் பதில் சொல்லும் கடிதத்தோடு வருவான். இப்படி இரண்டு வருடம்.

நான் எழுந்து நடந்ததற்குக் காரணம் சொல்ல வேண்டும். இதை இதுவரை வீட்டில்கூட சொன்னதில்லை.

எண்பதுகளில் நான் இருந்த ஒரு பிரிவில், பிரெஞ்சுக் காலத்துப் பதிவுகளை வைத்துப் பிறப்பு, வாரிசு விவரம் சரிபார்க்கும் வேலை. ஒரே மாதத்தில் இரண்டு மனுக்கள் என் மேஜைக்கு வந்தன. ஒன்று, நன்றாக உடுத்திய ஒரு நடுத்தர வயதுக்காரருடையது. தகப்பனார் பெயரில் ஒரு சந்தேகம் எழுப்பிக் குறிப்பு போட்டேன். நாலாம் நாள், சரியாக அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் பழைய தாளோடு வந்தார். ஊர் மாறியிருக்கிறதே என்றேன். அடுத்த வாரம் அதற்கும் தாள் வந்தது. இவ்வளவு ஒழுங்கான மனுதாரர் கிடைப்பது அபூர்வம் என்று எனக்குச் சந்தோஷம். 'ஆவணங்கள் யாவும் சரியாக உள்ளன' என்று எழுதி மேலே அனுப்பினேன்.

மற்றது ஒரு ஆயாவுடையது. செத்துப்போன மகன் பணம் சம்பந்தப்பட்டது. அவர் பெயர் மூன்று தாளில் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது. நம் பெயர்களை அந்தக் காலப் பிரெஞ்சுக் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதிய லட்சணம் உங்களுக்குத் தெரியும். ஒரு தாளைச் செல் அரித்திருந்தது. மூன்றும் ஒரே ஆள்தான் என்பதற்கு அத்தாட்சி வேண்டும் என்றேன். மாதத்துக்கு ஒருமுறை வந்து, 'எங்கேயும் கெடைக்கலை அய்யா' என்று நின்றார். நாலு மாதம் பார்த்துவிட்டு, 'போதிய ஆதாரம் இல்லை' என்று எழுதி முடித்தேன்.

முதல் மனுவில் இருந்தவை பொய்த் தாள்கள் என்று இரண்டு வருடம் கழித்து வெளியே வந்தது. 1936 தேதியிட்ட தாளில் இருந்தது பால்பாயிண்ட் பேனா எழுத்து. வெளியிலிருந்து வந்த ஒரு அதிகாரி பார்த்த உடனே கண்டுபிடித்தார். நான் அந்தத் தாளை எத்தனையோ முறை கையில் வைத்திருந்தேன். எனக்கு ஒரு மெமோ, அதற்கு ஒரு விளக்கம், அதோடு போயிற்று. ஆயாவைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானே அந்தக் கோப்பை மறுபடி எடுத்து, விலாசத்துக்குக் கடிதம் போட்டேன். ஆள் இல்லை என்று திரும்பி வந்தது.

அதனால், ஒரு கணித மேதை இப்படி ஏமாறலாமா என்று சிரிக்கிறவர்களோடு என்னால் சேர முடியவில்லை. நிஜமான பழைய பதிவேட்டில் நமக்கு வேண்டிய பக்கம்தான் எப்போதும் கிழிந்திருக்கும். அது ஷாலுக்குத் தெரிய நியாயமில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஷாலின் கதை 1869இல் முடிவுக்கு வந்தது. கிளாஸ்கோவிலிருந்து ராபர்ட் கிராண்ட் என்ற வானியலாளர் ஏற்கனவே ஒன்று காட்டியிருந்தார். 'பஸ்கால்' கடிதத்தில் கிரகங்களைப் பற்றி இருந்த எண்கள், 1726இல் வந்த நியூட்டன் நூலின் மூன்றாம் பதிப்பில் உள்ளவை. பஸ்கால் இறந்தது 1662இல். பிறகு புரெத்தோன் என்பவர், கடிதங்களில் பல பத்திகள் சவேரியேன் என்ற பதினெட்டாம் நூற்றாண்டு ஆசிரியரின் புத்தகத்தில் அப்படியே இருப்பதைக் காட்டினார். சவேரியேன்தான் இந்தக் கடிதங்களைப் பார்த்துக் காப்பியடித்தார் என்று ஷால் பதில் சொன்னார்! நெப்டியூன் கிரகத்தைக் கணக்கிலேயே கண்டுபிடித்த லெ வெரியே எழுந்து நின்று, கூட்டம் கூட்டமாகப் புள்ளிவிவரத்தோடு உரித்து வைத்தார். கலிலேயோ கடிதத்தின் படத்தைப் புளோரன்ஸ் நகரத்து அறிஞர்கள் பார்த்துப் பொய் என்று எழுதினார்கள்.

அப்போதும் ஷால் போலீசுக்குப் போன காரணம் வேறு. லூக்கா தருவதாகச் சொன்ன 3,000 தாள்கள் வந்து சேரவில்லை. அந்தப் பொக்கிஷத்தை வேறு யாருக்காவது விற்று, நாட்டைவிட்டு வெளியே போக வைத்துவிடுவானோ என்ற பயம். செப்டம்பரில் பிடித்தார்கள். எல்லாம் என் கை எழுதியது, கூட்டாளி யாருமில்லை என்று லூக்கா ஒப்புக்கொண்டான். எழுபத்தைந்து வயது தாண்டிய ஷால் அதே அக்காதெமியில் எழுந்து, ஏமாந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டி வந்தது.

1870 பிப்ரவரியில் விசாரணை. கடிதங்களை வாசிக்க வாசிக்க நீதிமன்றத்தில் சிரிப்பு. லூக்கா தன் பக்கம் சொன்னது, எல்லாம் நாட்டுப்பற்றினால் செய்தேன் என்று. இரண்டு வருடச் சிறை, 500 பிராங்க் அபராதம். வெளியே வந்தபின் மறுபடியும் வேறு வழக்குகளில் உள்ளே போனான். 'சேகேன் துரையின் ஆடு' எழுதிய அல்போன்ஸ் தோதே, இந்த விஷயத்தை வைத்து 1888இல் 'இம்மோர்த்தெல்' என்று ஒரு நாவலும் எழுதினார்.

ஷால் 1880இல் இறந்தார், அக்காதெமி உறுப்பினராகவே. பாரிசில் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறவர்கள் ஈபில் கோபுரத்தின் முதல் தளத்துக்குக் கீழே அண்ணாந்து பாருங்கள். நான்கு பக்கமும் 72 அறிஞர்களின் பெயர்கள் இருக்கும். திரொக்காதெரோ பக்கத்து வரிசையில் ஷால் பெயர் உண்டு. லெ வெரியே பெயரும் அதே கோபுரத்தில்தான், வேறொரு பக்கத்தில்.