நஷ்டஈட்டுப் பணமும் நம் கடமையும்

வேலையில் கையிழந்தவனுக்கு நஷ்டஈடு வாங்கித் தந்த வரலாற்றை நம்மவர் சிலர் அறிவர். வாங்கிய பணத்தைக் காத்த வரலாற்றையோ அறிந்தவர் மிகச் சிலரே. அதனைக் கூறவே இக்கட்டுரை.

ஜெர்மனி 1884-ல் தொழில் விபத்துக் காப்புச் சட்டம் செய்தது. பிரிட்டன் 1897-ல் பின்தொடர்ந்தது. ரயில், சுரங்கம், ஆலை முதலிய தொழில்களில் காயமுற்றோருக்கு வாரக் கூலியில் பாதி வரை கொடுக்க முதலாளி கடமைப்பட்டார். அவ்வாரப் பணத்தைக் கடன்காரன் பறிமுதல் செய்ய இயலாதென்றும் அச்சட்டம் விதித்தது. இறந்தவனின் குடும்பத்துக்குரிய தொகையைத் தபாலாபீஸ் சேமிப்பு பாங்கியில் இட்டுவைக்கவும் வழிசெய்தது.

இந்தியாவின் 1923-ம் வருஷத்துச் சட்டமோ, இறந்தவனுக்குரிய தொகையைக் கமிஷனரிடம் கட்டச் சொன்னது. ஈமச் செலவுக்கும் வரம்பு விதித்தது. பெண்ணுக்குரிய மொத்தத் தொகையையும் நேரே அவளிடம் கொடாதே என்றது. பெண்ணை மைனரோடு சேர்த்தெண்ணிய அவ்விதி நமக்கு உடன்பாடன்று. ஆயினும், பணம் கரைந்துபோகும் என்ற அச்சம் பொய்யன்று.

பிரிட்டனில் பெவரிட்ஜ் 1942-ல் தம் அறிக்கையில் மொத்தத் தொகை கொடுத்துக் கணக்குத் தீர்க்கும் முறையைக் கண்டித்தார். மலாயாவில் 1952-ல் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. மலேசியாவில் 1969-ல் சொக்சோ சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி, நிரந்தர ஊனம் நூற்றுக்கு 20-க்கு மேற்படாவிடில் முழுவதையும் ஒரே தொகையாகப் பெறலாம். மேற்பட்டால் ஐந்திலொரு பங்கையே அவ்வாறு பெறலாம். எஞ்சியது ஆயுள்வரை மாதந்தோறும் வரும். சட்டம் கற்ற பாடம் இது.

நாம் கற்றோமா? தோட்டத்துக் கிராணியாகிய நான், விரல்களை இழந்த ஒருவருக்குப் பாரம் நிரப்பிக் கொடுத்தேன். பணம் மொத்தமாக வந்தது. பழைய கடன், நேர்த்திக்கடன், மகளின் காதுகுத்து விருந்து என்று பறந்தது. நான்காம் மாதம் புண் மீண்டும் சீழ்கட்டியபோது, ஆஸ்பத்திரிக்குப் போக வண்டிச் சத்தம் கேட்டு என்னிடம் வந்தார். அவரைக் குறை கூறேன். பாரம் நிரப்பத் தெரிந்த எனக்கு, அப்பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையே!

தோழர்களே! அப்பணம் லாபமன்று; போன விரல்கள் இனிச் சம்பாதிக்க முடியாத கூலி. ஆகவே முதற்செலவு வைத்தியம். புண் ஆறியபின்னும் அதற்கென ஒரு பங்கு தனியே இருக்கட்டும். அடுத்தது, வேலையில்லா மாதங்களின் அரிசியும் பருப்பும். அதற்கடுத்தது பிள்ளைகளின் படிப்பு. மீதியைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் பாங்கியில் போடுங்கள். விருந்துண்டவர் கைகழுவிப் போய்விடுவர். ஊனமுற்ற கையோ வீட்டிலேயே இருக்கும்.