‘ஸ்கார்ஃபேஸ்’: ஒரு காடையர் படத்தின் விமர்சன வரலாறு

ஒரு கலைப்படைப்பு மக்கள் முன் வந்த பின்னரே அதன் விமர்சனம் தொடங்குகின்றது என்பது பொதுவான எண்ணம். ஹொவார்ட் ஹோக்ஸ் நெறியாள்கை செய்து 1932 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஸ்கார்ஃபேஸ்’ இதற்கு விலக்கு. அதன் முதல் விமர்சனம் படத்தின் உள்ளேயே இருக்கின்றது. படம் எடுத்து முடிந்த பின்னர், ஹொலிவூட் தயாரிப்பாளர் சங்கத்தின் தணிக்கைப் பிரிவான ஹேய்ஸ் அலுவலகத்தைத் திருப்திப்படுத்துமுகமாக, வேறொருவரைக் கொண்டு ஒரு காட்சி எடுத்துச் சேர்க்கப்பட்டது. குற்றச் செய்திகளை வெளியிடுவதாக ஒரு பத்திரிகை அதிபரிடம் முறையிட ஊர்ப் பெரியவர்கள் வருகின்றனர். அவரோ குற்றத்தை அவர்கள்மீதே திருப்புகின்றார். மக்கள் அசட்டையாக இருக்கின்றனர். கடுமையான சட்டம் வேண்டும். தேவைப்படின் இராணுவச் சட்டமும் வேண்டும். அந்நியரை நாடுகடத்த வேண்டும் என்கின்றார். அக்கூட்டத்திலுள்ள இத்தாலியர் ஒருவர், தம் இனத்தாருக்கு இவர்களால் அவமானமே என்று ஆமோதிக்கின்றார். இன்று புழக்கத்திலுள்ள பிரதிகளிலும் இக்காட்சி உண்டு. இதனை ஓர் இடைச்செருகல் என ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின் படத்தின் எஞ்சிய பகுதியை ஆளும் வர்க்கம் எவ்வாறு வாசிக்க விரும்பியது என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று எமக்குக் கிடைப்பது அரிது.

எஞ்சிய பகுதி கூறுவது யாது? 1920 ஜனவரி 17 ஆம் திகதி தொடக்கம் 1933 டிசம்பர் 5 ஆம் திகதி வரை ஐக்கிய அமெரிக்காவில் மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. சட்டம் விற்பனையைத் தடுத்ததேயன்றி வேட்கையைத் தடுக்கவில்லை. எனவே மது என்னும் பண்டம் சட்டத்தின் பாதுகாப்பற்ற மூலதனத்தின் கைக்கு மாறியது. நீதிமன்றத்தில் ஒப்பந்தத்தை நிலைநாட்ட முடியாத வணிகன் துப்பாக்கியால் அதனை நிலைநாட்டினான். படத்தில் ஜொனி லோவோ சிதறிக் கிடந்த பியர் வியாபாரத்தை ஒரே தலைமையின் கீழ் ஒழுங்குபடுத்துகின்றான். அவனுடைய ஆளான டோனி கமொன்ரே மதுக்கடை மதுக்கடையாகச் சென்று, இனி எங்கே, எவ்வளவு வாங்க வேண்டும் என்று கடைக்காரரை மிரட்டிக் கட்டளையிடுகின்றான். நகரின் வடபகுதியைத் தொடாதே என்ற முதலாளியின் சொல்லை மீறி அங்கும் நுழைகின்றான். போட்டி ஏகபோகமாகும் இயக்கம் இங்கு மறைவின்றிக் காட்டப்படுகின்றது. இயந்திரத் துப்பாக்கி முழங்க முழங்க நாட்காட்டித் தாள்கள் பறக்கும் அக்காட்சியில், கொலை ஓர் உணர்ச்சிச் செயலன்று, அன்றாட உற்பத்தி.

சேர்க்கப்பட்ட காட்சி இதனையே அழிக்க முனைகின்றது. தென் ஐரோப்பியரின் வருகையைப் பெரிதும் கட்டுப்படுத்திய குடிவரவுச் சட்டம் 1924 இலேயே நிறைவேறியிருந்தமை இங்கு மனங்கொள்ளத்தக்கது. வியாபாரத்தின் தருக்கம் அந்நியரின் இயல்பாக மாற்றப்படுகின்றது.

இவ்வளவும் செய்தும் நியூயோர்க் மாநிலத் தணிக்கையாளர் முதலில் உடன்படவில்லை. தேசத்தின் அவமானம் எனப் பொருள்படும் துணைத்தலைப்பு ஒட்டப்பட்டது. டோனி தூக்கிலிடப்படுவதாக மாற்று முடிவொன்றும் தயாராயிற்று. நடிகர் போல் முனி கிடைக்காமையால் அம்முடிவில் குற்றவாளியின் முகமே தெரிவதில்லை. முகமற்ற ஒருவனுக்கு நீதிபதி தீர்ப்புரைக்கும் இவ்வேடிக்கை தணிக்கையாளர் தாமறியாமலே எழுதிய அங்கதம். திரைப்படம் இலாபத்துக்காக நடத்தப்படும் வியாபாரமேயன்றிக் கருத்து வெளிப்பாடன்று என 1915 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 1952 வரை அத்தீர்ப்பே தணிக்கைக்கு அரணாக நின்றது. வியாபாரம் என்பதனால் வாய்ப்பூட்டுப் பெற்ற ஒரு கலை, வியாபாரத்தைப் பற்றி உண்மை பேசியபோது ஒழுக்கத்தின் பெயரால் தண்டிக்கப்பட்டது.

ஒழுக்கவாத நோக்கினின்று இவ்வகைப் படங்களை மீட்ட பெருமை றொபேட் வார்ஷோவுக்கு உரியது. 1948 இல் ‘பார்ட்டிசன் றிவியூ’ ஏட்டில் அவர் எழுதிய கட்டுரை காடையனை அவலநாடகத் தலைவனாகக் கண்டது. வெற்றி பெற்றே ஆக வேண்டும் என்ற அமெரிக்கக் கட்டாயமும், வெற்றி பெற்றவன் தனித்து நின்று அழிய வேண்டும் என்ற விதியும் அவனிடத்தே சந்திக்கின்றன என்றார் அவர். ‘ஸ்கார்ஃபேஸ்’ படத்தின் தொடக்கத்தில் விருந்து முடிந்து தனித்து விடப்பட்ட பெரிய லூயி சுடப்படுவதை அவர் விளக்கும் பகுதி இன்றும் படிக்கத்தக்கது. ஆயினும் அவர் கூறிய இன்னொன்றை நாம் ஏற்க முடியாது. காடையனின் தொழில் தெளிவற்ற பின்னணியாகவே நிற்கின்றது; அவன் எதனை விற்கின்றான் என்பதைக்கூட நாம் பல வேளைகளில் அறிவதில்லை; எனவே அவனுடைய செயல் தூய குற்றமாகிவிடுகின்றது என்பது அவர் கருத்து. மேற்காட்டிய மதுக்கடைக் காட்சிகளுக்கு இக்கூற்று எவ்வாறு பொருந்தும்? கூரிய பார்வையுடைய விமர்சகர் கண்ணெதிரே இருந்ததைக் காணாமற் போனது தற்செயலன்று. இடதுசாரி மரபில் வந்த நியூயோர்க் அறிவுஜீவிகள் வர்க்க ஆய்வைக் கைவிட்டு மனித நிலை, நகர வாழ்வு, தனிமை ஆகிய பொதுச் சொற்களுக்குப் பெயர்ந்துகொண்டிருந்த காலம் அது. சரக்கு மறைந்தால் அவலம் எஞ்சும்.

வார்ஷோவுக்கு ஏழாண்டுகளுக்கு முன்னரே, 1941 இல், பின்லாந்தில் அகதியாக இருந்த பிரெக்ட், ஹிட்லரின் எழுச்சியைச் சிகாகோக் காடையரின் கதையாக நாடகமாக்கியிருந்தார். ‘ஆர்ட்டூரோ ஊயி’ எந்தவொரு படத்தின் விமர்சனமுமன்று. ஆயினும் மரக்கறி வியாபாரிகளுக்குப் ‘பாதுகாப்பு’ விற்கும் காடையனையும், அவனை வளர்த்துவிடும் காலிபிளவர் வர்த்தகக் கூட்டையும் அதில் காணும்போது, இத்திரைப்பட வகையின் உட்பொருளை விமர்சகர்களிலும் தெளிவாக ஒரு நாடகாசிரியர் வாசித்தார் எனலாம்.

பிரெஞ்சு விமர்சகரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1953 இல் ஜாக் ரிவெற் ஹோக்ஸை மேதையெனப் போற்றினார். பத்தாண்டுகளின் பின் கொடார் சிறந்த அமெரிக்கப் பேசும்படங்களின் பட்டியலில் இப்படத்துக்கே முதலிடம் தந்தார். மரணம் நிகழும் இடங்களில் எல்லாம் தோன்றும் பெருக்கற் குறியை நுணுகி நோக்க அவர்கள் கற்பித்தனர். அதற்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். ஆனால் இறுதிக் காட்சியில் டோனியின் பிணத்துக்கு மேலே ஒளிரும், உலகம் உன்னுடையதே என்ற வாசகத்தை விதியின் குறியீடாகக் காண்போர், அது சுற்றுலா விற்கும் ஒரு கம்பனியின் விளம்பரம் என்பதையும் சேர்த்துக் காண வேண்டும்.

தயாரிப்பாளர் ஹொவார்ட் ஹியூஸ் தம் சொத்தாக முடக்கி வைத்த இப்படம், 1976 இல் அவர் இறந்த பின்னர், 1979 இலேயே அமெரிக்காவில் மீண்டும் முறையாகத் திரையிடப்பட்டது. 1983 இல் பிறையன் டி பல்மா இதே கதையைக் கொக்கெயின் வியாபாரத்துக்கு மாற்றி, ஹோக்ஸுக்கும் திரைக்கதாசிரியர் பென் ஹெக்டுக்கும் சமர்ப்பித்தார். இம்முறை அந்நியன் இத்தாலியனல்லன். கியூபாவிலிருந்து வந்த அகதி. மயாமியிலுள்ள கியூபக் குடியேறிகள் எதிர்ப்புத் தெரிவித்தனர். படப்பிடிப்பின் பெரும்பகுதி வேறிடத்துக்கு மாற்றப்பட்டது. இப்பாத்திரங்கள் கியூப அமெரிக்கச் சமூகத்தைப் பிரதிநிதித்துவம் செய்யவில்லை என்ற அறிவித்தலொன்று படத்தின் முடிவில் சேர்க்கப்பட்டது. 1932 இல் பத்திரிகை அதிபரின் அறையில் தலையசைத்த அந்த இத்தாலியப் பெரியவருக்குரிய இடத்தை இப்போது சில வரி எழுத்துகள் எடுத்துக்கொண்டன.