பாலை பசுமையாயிருந்த காலம்

வனத்து அந்தோணியாரை நம் மக்கள் நன்கறிவர். உடைமைகளை ஏழைகளுக்கு அளித்துவிட்டு எகிப்தின் பாலைநிலத்திற்குச் சென்றவர், கி.பி. 356இல் அங்கேயே உயிர்நீத்தவர். அவரைப் பின்பற்றித் துறவியர் பலர் பாலையை நாடினர். பாலை என்றதும் வெறுமையும் தனிமையும் சோதனையும் நம் நினைவுக்கு வருவதில் வியப்பில்லை. ஆயின் அத்துறவியர் வாழ்ந்த நிலத்திற்கு மேற்கே விரிந்து கிடக்கும் சகாரா, என்றுமே இப்படி இருந்ததன்று.

இதை முதலில் உய்த்துணர்ந்தவர்களுள் ஒருவர் ஹைன்ரிக் பார்த் என்னும் ஜெர்மானியப் பயணி. 1850இல் இன்றைய லிபியாவின் ஃபெஸ்ஸான் பகுதியைக் கடந்தபோது பாறைகளில் செதுக்கப்பட்ட மாடுகளைக் கண்டார். ஒட்டகம் ஒன்றுகூட அவற்றில் இல்லை. ஒட்டகமில்லாத சகாராவா! மாடு மேயப் புல் வேண்டும், புல்லுக்கு மழை வேண்டும் என்று அவர் கருதியது சரியே. பின்னர் அல்ஜீரியாவின் தாசிலி மலைப்பாறைகளில் பிரெஞ்சு இராணுவ அதிகாரி பிரெனான்ஸ் வரைந்தெடுத்த ஓவியப் படிகளை, தொல்லியல் அறிஞரான அருட்பணியாளர் ஹென்றி பிரேய் 1954இல் வெளியிட்டார். அங்கே எண்ணப்பட்ட ஓவியங்களும் செதுக்குருவங்களும் 15,000க்கு மேல். நீர்யானைகள், யானைகள், கால்நடைக் கூட்டங்கள், நடனமாடும் மக்கள் என அவை ஒரு வாழ்ந்த நாட்டின் பதிவேடு.

மழை எப்படி வந்தது? பூமி சுழலும்போது பம்பரம்போல் தலையசைக்கிறது. இவ்வசைவினால், பூமி சூரியனுக்கு மிக அண்மையில் வரும் நாள், இருபதாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் ஒருமுறை சுற்றி வருகிறது. இன்று அந்நாள் சனவரித் தொடக்கத்தில் அமைகிறது. ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் அது வடகோளத்தின் கோடையில் அமைந்தது. கோடை வெயில் இன்றையதைவிட 7 அல்லது 8 விழுக்காடு மிகுந்தது. நிலம் காய்ந்து சூடேற, கடற்காற்று ஈரத்தைச் சுமந்து வெகுதூரம் வடக்கே ஏறியது. நம் தென்மேற்குப் பருவமழையும் அக்காலத்தில் வலுத்தே பெய்தது.

சாடு ஏரி ஏறத்தாழ 3,50,000 சதுர கிலோமீட்டர் பரந்து, இன்றைய காஸ்பியன் கடலுக்கு ஈடாக நின்றது. 1987இல் நைஜீரியாவின் துஃபுனா ஊரில் கிணறு தோண்டிய இடையர் ஒருவரின் கருவி, மண்ணுக்கடியில் கட்டையில் இடித்தது. வெளிப்பட்டது 8.4 மீட்டர் நீளமுள்ள ஓடம். வயது ஏறத்தாழ 8,000 ஆண்டுகள். நைஜரின் கொபேரோவில் 2000இல் ஓர் இடுகாடு கண்டறியப்பட்டது. ஓர் ஏரிக்கரையில் மீன்பிடித்து வாழ்ந்த மக்கள் அங்குத் தம் இறந்தோரைப் புதைத்தனர். நடுவே ஏறத்தாழ ஆயிரமாண்டு ஏரி வற்ற, அவர்கள் மறைந்தனர். நீர் திரும்பியபோது வேறொரு மக்கள் வந்து குடியேறினர். அவர்கள் காலத்துக் குழியொன்றில் ஒரு பெண்ணும் இரு சிறுவரும் கைகோத்துக் கிடக்கின்றனர். அடியில் பூந்தூள் படிந்திருந்தது. மலர்ப்படுக்கையில் கிடத்தினர் போலும். 5,300 ஆண்டுகளுக்கு முன் அங்குப் பூப்பறிக்க இடம் இருந்திருக்கிறது. இறந்தோரை மலரிட்டு அடக்கம் செய்யும் நமக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

பசுமை எப்படி அழிந்தது என்பதில் அறிஞரிடையே வழக்கு உண்டு. மேற்காப்பிரிக்கக் கடலடி மண்ணில் பாலைத்தூசி 5,500 ஆண்டுகளுக்கு முன் திடீரெனப் பெருகுவதைக் காட்டி, சில தலைமுறைகளிலேயே நிலம் கெட்டது என்பர் ஒரு சாரார். வடக்குச் சாடு நாட்டின் யோவா ஏரிப் படிவுகளை ஆராய்ந்தோர் 2008இல், மாற்றம் படிப்படியாகவே வந்தது என்றனர். இடத்துக்கிடம் வேறுபட்டிருக்கலாம் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஐயமற்றது ஒன்று: மக்கள் புறப்பட்டனர். எகிப்தின் மேற்குப் பாலையில் நப்தா என்னும் இடத்தில் மாடுகளைச் சடங்குடன் புதைத்த இடையர், ஏரி வற்றியதும் இடம்பெயர்ந்தனர். நைல் கரையில் பேரரசு எழுந்ததில் இத்தகையோருக்குப் பங்குண்டு என்பர் பலர்.

வானிலை எக்காலமும் மாறியே வந்திருக்கிறது, இன்று மட்டும் ஏன் கலக்கம் என்று படித்தவர்களும் கேட்கக் காண்கிறோம். இந்த வாதம் பொருந்தாது. அன்றைய வறட்சி எவருடைய பாவத்தின் கூலியுமன்று. பூமியின் அச்சசைவு அது. இன்றைய வெப்பம் பெரும்பாலும் நாம் எரிக்கும் நிலக்கரியாலும் எண்ணெயாலும் வருவது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் எரிமலைகளையும் பூமியின் சுற்றுப்பாதை, அச்சு ஆகியவற்றின் மாறுதல்களையும் மறைக்காமல் குறிப்பிட்டுவிட்டே, அண்மைக்கால வெப்பத்தின் பெரும்பகுதிக்கு மனிதரைப் பொறுப்பாக்கினார். மேலும், நப்தா இடையரை வழிமறிக்க எந்த நாட்டு எல்லையும் இல்லை. இன்று சகாராவைக் கடந்து வடக்கே செல்ல முயல்வோருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

யோவா ஏரி இன்னும் வற்றவில்லை. ஆண்டுக்கு 6 மீட்டர் அளவு நீர் அங்கே ஆவியாகிறது. மழையோ இல்லையென்றே சொல்லலாம். பசுமைக்காலத்தில் பெய்து மண்ணுக்குள் இறங்கிய பழைய நீர் அடியிலிருந்து ஊறி, அதை நிரப்பிக்கொண்டிருக்கிறது.