மருந்தைச் சுமந்த கொழுப்புக் குமிழி

"மருத்துவத்தில் நானோ தொழில்நுட்பம்" என்று கட்டுரைத் தலைப்பு கொடுத்தால், மாணவர்கள் பலர் "எதிர்காலத்தில் குட்டி ரோபோக்கள் இரத்தத்தில் நீந்தி நோயைக் கொல்லும்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எதிர்காலம் எதற்கு? கோவிட் காலத்தில் பைசர் தடுப்பூசி போட்டவர்களின் கையில் அந்தத் தொழில்நுட்பம் ஏற்கெனவே ஏறிவிட்டது. அது வந்த பாதையைப் பார்ப்போம்.

முதலில் அளவு. ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால், ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர். 1959 டிசம்பரில் அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மேன், அணுக்களை ஒவ்வொன்றாக அடுக்கிப் பொருள் செய்வதைப் பற்றி ஓர் உரையில் பேசினார். அறுவை மருத்துவரையே விழுங்கிவிடலாம் என்ற நண்பரின் யோசனையையும் அதில் சொன்னார். நம் மாணவர்கள் எழுதும் ரோபோ கற்பனை அவ்வளவு பழையது! "நானோ தொழில்நுட்பம்" என்ற சொல்லை 1974-இல் ஜப்பானியர் நோரியோ தனிகுச்சி உருவாக்கினார்.

ஆனால், மருத்துவத்துக்குக் கைகொடுத்தது ரோபோ அல்ல, கொழுப்பு. 1960-களின் தொடக்கத்தில், இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் அருகே, அலெக் பேங்கம் என்ற ஆய்வாளர் ஒருவகைக் கொழுப்பை நீரில் கலந்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார். கொழுப்பு தானாகவே மூடிய குமிழிகளாக மாறியிருந்தது. நம் உயிரணுக்களின் சவ்வும் இதே வகைக் கொழுப்பால் ஆனதுதான். இக்குமிழிக்கு லிப்போசோம் என்று பெயர்.

குமிழிக்குள் மருந்தை வைத்தால் என்ன? டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து கட்டியைத் தாக்கும்; கூடவே இதயத்தையும் கெடுக்கும். அதை ஏறக்குறைய 100 நானோமீட்டர் குமிழிக்குள் அடைத்து உருவான டாக்சில், 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதயப் பாதிப்பு குறைந்தது. ஆனால், உள்ளங்கையும் பாதமும் சிவந்து தோல் உரியும் தொல்லை சிலருக்கு வந்தது. பாத்திரம் மாறினால் மருந்து போய்ச் சேரும் இடமும் மாறும் என்பதற்கு இரண்டுமே சான்று.

அடுத்த சிக்கல் ஆர்என்ஏ. உடலுக்குள் தனியாக விட்டால் நொதிகள் உடனே சிதைத்துவிடும். கனடாவின் வான்கூவரில் பீட்டர் கல்லிஸ் குழுவினர் இதற்கேற்ற கொழுப்புத் துகள்களைப் பல ஆண்டுகள் மேம்படுத்தினர். அந்த முறையில் அமைந்த பட்டிசிரான் என்ற மருந்து, பரம்பரை நரம்பு நோய் ஒன்றுக்காக 2018-இல் அனுமதி பெற்றது. மறுபக்கம், கேட்டலின் கரிக்கோவும் டுரூ வைஸ்மனும் எம்ஆர்என்ஏ அழற்சியைத் தூண்டாமல் இருக்க வழி கண்டு 2005-இல் வெளியிட்டனர். 2023-இல் நோபல் பரிசு பெற்றனர்.

2020-இல் கோவிட் பரவியபோது இரண்டு பாதைகளும் ஒன்றுசேர்ந்தன. அந்த டிசம்பரிலேயே பிரிட்டனிலும் சிங்கப்பூரிலும், 2021 பிப்ரவரி 24-இல் மலேசியாவிலும் பைசர் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள்.

"ஒரே வருஷத்துல செஞ்ச ஊசி, எப்படி நம்புறது?" என்று அப்போது வீட்டுக்கு வீடு கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஊசி ஒரே வருடத்தில் வந்தது உண்மை. அதைச் சுமந்த குமிழிக்கோ வயது ஏறக்குறைய 60. மாணவர்களே, கட்டுரையில் ஆண்டுகளை வெறுமனே அடுக்காதீர்கள். ஒவ்வோர் ஆண்டுக்கும் பக்கத்தில், அன்று எந்தச் சிக்கல் தீர்ந்தது, எது மிச்சம் இருந்தது என்று எழுதுங்கள். அதுதான் வரலாற்றுக் கட்டுரை.