ஹிரோஷிமாவை வரைந்த கைகள்

1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமா மக்கள் பட்ட பாட்டை அன்றைக்கே அருகிலிருந்து காட்டும் புகைப்படங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ‘சூகோகு ஷிம்புன்’ நாளிதழின் புகைப்படக்காரர் யோஷிதோ மாட்சுஷிகேயிடம் கேமராவும் இருந்தது, ஃபிலிமும் இருந்தது. ஆனாலும் அன்று முழுக்க அவர் எடுத்ததில் தேறியவை ஐந்தே படங்கள். மியூகி பாலத்தருகே தீப்புண்களோடு ஒடுங்கிக் கிடந்தவர்களைப் படமெடுக்க மனம் வராமல் வெகுநேரம் தயங்கி நின்றதாக அவர் பின்னாளில் சொன்னார். எடுத்த படங்களும் பரவலாகப் போய்ச் சேரவில்லை. அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் அந்த ஆண்டு செப்டம்பரிலேயே பத்திரிகைத் தணிக்கையைக் கொண்டுவந்தது; அணுகுண்டின் விளைவுகளைப் பற்றி எழுதுவதும் படம் போடுவதும் அதன் பிடிக்குள் வந்தன. 1952 ஏப்ரலில் ஆக்கிரமிப்பு முடிந்து, ஆகஸ்டில் ‘அசாஹி கிராஃப்’ தன் சிறப்பிதழை வெளியிட்ட பிறகுதான் ஜப்பானியர்களில் பெரும்பாலோர் அந்தக் கோரத்தைக் கண்ணால் பார்த்தார்கள். ஹிரோஷிமாவைப் பற்றிய சித்திரக்கதைகளை இந்த வெற்றிடத்தை விட்டுவிட்டுப் படிக்கக் கூடாது. வரலாற்று நூல்களில் இருப்பதைச் சிறுவர்களுக்காக எளிமைப்படுத்திய படைப்புகளாகவே அவற்றைப் பலரும் நினைக்கிறார்கள். கேமரா பதியத் தவறியதையும், பதிந்தும் பூட்டி வைக்கப்பட்டதையும் கையால் மீட்டெடுத்த மூல ஆவணங்கள் அவை என்பதே என் வாதம்.

கெய்ஜி நகசாவாவுக்கு அன்று ஆறு வயது. குண்டு வெடித்த மையத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகமான தொலைவில், பள்ளிக்கூட வாசலில் ஒரு பெண்மணியோடு பேசிக்கொண்டு நின்றான். பள்ளியின் மதில் சுவர் அவனை மறைத்தது. அந்தப் பெண்மணி கருகிச் செத்தார். வீட்டில் அப்பாவும் அக்காவும் தம்பியும் இறந்தார்கள். நிறைமாதக் கர்ப்பிணியான அம்மா அன்றே தெருவில் ஒரு பெண் குழந்தையைப் பெற்றார். அதுவும் சில மாதங்களில் போய்விட்டது. பிறகு விளம்பரப் பலகை எழுதும் கடையில் வேலை செய்து, 1961இல் டோக்கியோ போய் மாங்கா எனப்படும் ஜப்பானியச் சித்திரக்கதைகளின் ஓவியரான நகசாவா, தான் ஹிரோஷிமாக்காரன் என்பதை அங்கே வெளியே சொல்லவில்லை. கதிர்வீச்சுக்கு ஆளானவர்களிடமிருந்து ஊரே ஒதுங்கி நின்ற காலம் அது. 1966இல் அம்மா இறந்தார். தகனம் முடிந்து சாம்பலைப் பார்த்தபோது, பொறுக்கி எடுக்க ஒரு எலும்புகூட முழுசாக மிஞ்சவில்லை. ஜப்பானில் எரிந்த உடலின் எலும்புகளைக் குடும்பத்தார் பொறுக்கிக் கலசத்தில் இடுவதுதான் இறுதிக் கடன். அந்தக் கடனையும் கதிர்வீச்சு செய்யவிடாமல் பறித்துக்கொண்டது என்ற ஆத்திரம்தான் அவரை அணுகுண்டைப் பற்றி வரைய வைத்தது. முதல் கதையைப் பெரிய பதிப்பகங்கள் ஏற்கவில்லை. 1968இல் பெரியவர்களுக்கான ஒரு மாங்கா இதழில் அது வந்தது. 1972இல் தன் சொந்தக் கதையை ‘நான் பார்த்தேன்’ என்ற தலைப்பில் ஐம்பது பக்கத்துக்குள் வரைந்தார். அடுத்த ஆண்டு, சிறுவர்கள் வாராவாரம் போட்டி போட்டு வாங்கிய ‘ஷோனென் ஜம்ப்’ இதழில் ‘வெறுங்கால் கென்’ தொடங்கியது. இதழ்கள் மாறி மாறி வளர்ந்து, 1980களில் பத்துத் தொகுதிகளாக நிறைவுற்றது.

இந்த இரண்டு நூல்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு முக்கியமான வேறுபாடு தெரியும். ‘நான் பார்த்தேன்’ நூலில் அப்பாவும் பிள்ளைகளும் இடிபாடுகளில் சிக்கி எரிந்ததை நகசாவா நேரில் பார்ப்பதில்லை. அம்மா சொல்லித்தான் தெரிந்துகொள்கிறார். உண்மையில் நடந்தது அதுதான். ‘வெறுங்கால் கென்’ கதையிலோ சிறுவன் கென் அங்கேயே நிற்கிறான். உத்தரத்தைத் தூக்கப் பார்க்கிறான், முடியவில்லை. நெருப்பு நெருங்குகிறது, தம்பி உள்ளிருந்து கூப்பிடுகிறான். பார்க்காததைப் பார்த்ததாக வரைந்தால் அது எப்படிச் சாட்சியம் ஆகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அம்மா அந்தக் காட்சியை மகனிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். சாவை நேரில் பார்த்த அம்மாவின் வார்த்தைகள்தான் அந்தப் பக்கங்களில் ஓவியமாகியிருக்கின்றன. நகசாவா இதை மறைக்கவும் இல்லை. புனைவு தந்தது சிறுவன் நிற்கும் இடத்தை மட்டும்தான். உத்தரமும் நெருப்பும் கூக்குரலும் நிஜம். தன்வரலாறு, புனைவு இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்கே இந்த வேறுபாடு பிடிபடும்.

நினைவிலிருந்து வரைவது மிகையாகத்தானே இருக்கும் என்ற சந்தேகம் இதைவிட வலுவானது. பல ஆண்டுகள் கழித்து ஒருவர் வரைவதை எப்படி நம்புவது? இதற்கான பதில் ஹிரோஷிமாவிலேயே கிடைத்தது. 1974இல் 77 வயது முதியவர் ஒருவர், தான் அன்று கண்ட ஒரு காட்சியை வரைந்து எடுத்துக்கொண்டு என்எச்கே ஒளிபரப்பு நிலையத்துக்கு வந்தார். அதைக் கண்ட நிலையத்தார், உயிர்பிழைத்த மற்றவர்களும் வரைந்து அனுப்பலாமென்று தொலைக்காட்சியில் கேட்டார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் வந்து குவிந்தன. அனுப்பியவர்களில் பெரும்பாலோர் ஓவியம் பயிலாத சாதாரண மக்கள். கையில் கிடைத்த தாளில் பென்சிலாலும் கிரேயானாலும் வரைந்து, படத்தின் மேலேயே இடத்தையும் நேரத்தையும் நடந்ததையும் எழுதியிருந்தார்கள். ஒருவரையொருவர் அறியாத அவர்கள் மறுபடி மறுபடி வரைந்திருந்தவை ஒன்றுபோல இருந்தன: கைகளை முன்னால் நீட்டியபடி, தோல் தொங்க நடந்து போகும் கூட்டம், தண்ணீருக்காகத் தீயணைப்புத் தொட்டிக்குள் விழுந்து இறந்தவர்கள், பிள்ளையை அணைத்தபடியே கருகிப்போன தாய். நகசாவா அதற்கு முன்பே தன் பக்கங்களில் வரைந்திருந்த காட்சிகள் இவை. இத்தனை பேர் தனித்தனியாக ஒன்றையே வரைந்திருக்கும்போது அதை ஒருவருடைய மிகை என்று தள்ள வழியில்லை.

வரைந்தது புனைவா சாட்சியமா என்ற இதே சிக்கல் அமெரிக்காவிலும் எழுந்தது. போலந்து யூதரான தன் தந்தை ஆஷ்விட்ஸில் பட்டதை யூதர்களை எலிகளாகவும் நாஜிகளைப் பூனைகளாகவும் வரைந்து சொன்ன ஆர்ட் ஸ்பீகல்மன், ‘மவுஸ்’ கதையின் முதல் மூன்று பக்க வடிவத்தை வெளியிட்டதும் அதே 1972இல்தான். 1991இல் அதன் இரண்டாம் பாகத்தை நியூயார்க் டைம்ஸ் தன் விற்பனைப் பட்டியலில் புனைவின் கீழ் போட்டது. அவர் எழுதிக் கேட்ட பிறகு புனைவல்லாதவற்றின் பக்கம் மாற்றியது. கதாபாத்திரத்தின் தலை எலித்தலை என்பதால் தந்தையின் வாக்குமூலம் பொய்யாகிவிடாது என்பதை ஒரு பெரிய நாளிதழ் ஏற்றுக்கொண்ட தருணம் அது.

கென் கதையில் கொடூரம் அதிகம், பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்ற எதிர்ப்புதான் இன்றுவரை ஓயவில்லை. மாட்சுவே நகரக் கல்வி வாரியம் 2012 டிசம்பரில் ‘வெறுங்கால் கென்’ நூலைப் பள்ளி நூலகங்களின் திறந்த அலமாரியிலிருந்து உள்ளே எடுத்து வைக்கச் சொன்னது. அதே மாதம்தான் நகசாவா இறந்தார். பிற ஆசிய நாடுகளில் ஜப்பானியப் படை செய்த கொலைகளை அவர் வரைந்திருந்ததைக் காரணமாகக் காட்டினார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த ஆகஸ்டில் அந்த முடிவு கைவிடப்பட்டது. 2023இல் ஹிரோஷிமா நகரமே தன் அமைதிக் கல்விப் பாடநூலிலிருந்து கென்னை நீக்கியது. சிக்கலாகப் பேசப்பட்டதில் ஒன்று, நோயாளி அம்மாவுக்குக் கொடுக்க அடுத்தவர் குளத்திலிருந்து கென் கெண்டை மீனைத் திருடும் காட்சி. இன்றைய பிள்ளைகளுக்கு அது புரியாது என்றார்கள். இந்த வாதம் எனக்குச் சரியாகப் படவில்லை. பசி எதையெல்லாம் செய்ய வைக்கும் என்று விளக்க வேண்டிய இடம் வகுப்பறைதான். மூன்று வயதுக் குழந்தையிடம் இந்தப் புத்தகத்தைக் கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் ஆறு வயதில் ஒருவன் பட்டதைப் பன்னிரண்டு வயதில் படிக்கக்கூட ஆகாது என்றால், அங்கே காப்பாற்றப்படுவது பிள்ளைகள்தானா என்று கேட்கத் தோன்றுகிறது.

நேரில் பார்த்தவர்கள் மறைந்த பிறகு யார் வரைவது? ஃபுமியோ கோனோ 1968இல் ஹிரோஷிமாவில் பிறந்தவர், குண்டைப் பார்த்தவரில்லை. அவருடைய 2004ஆம் ஆண்டு நூலின் முதல் கதை 1955இல் நடக்கிறது. உயிர்தப்பிய ஓர் இளம்பெண், தனக்கு வாழத் தகுதியுண்டா என்ற குற்றவுணர்ச்சியோடு வேலைக்குப் போய்வருகிறாள். காதல் கைகூடும் நேரத்தில் கதிர்வீச்சு நோயில் விழுகிறாள். அவள் கண் மங்க மங்கக் கட்டங்களில் ஓவியம் இல்லாமல் போகிறது; வெற்றுக் கட்டங்களில் அவள் எண்ணங்கள் மட்டும் எழுத்தாக நிற்கின்றன. நகசாவாவின் அலறலுக்கு நேர் எதிரான முறை. பார்க்காததைப் பார்த்ததுபோல் காட்டாமல் விட்ட அந்த அடக்கமே கோனோவின் நேர்மை என்பேன்.

கேமரா இல்லாத போர்க்களம் தமிழருக்கும் தெரிந்ததே. 2008 செப்டம்பரில் போர் நடந்த இலங்கையின் வன்னியை விட்டு ஐ.நா. அமைப்புகள் வெளியேறின. கிளிநொச்சியில் ஐ.நா. பணியில் இருந்த பெஞ்சமின் டிக்ஸ், தப்பியவர்களின் வாக்குமூலங்களைக் கொண்டு ஒரு கற்பனைக் குடும்பத்தின் கதையை எழுதினார். லிண்ட்சே போலக் வரைய, 2019இல் ‘வன்னி’ என்ற பெயரில் ஆங்கிலத்தில் வந்தது. கென்னிடம் கேட்ட கேள்விகள் எல்லாவற்றையும் அதனிடமும் கேட்கலாம், கேட்க வேண்டும். முதலில் ‘நான் பார்த்தேன்’, அடுத்து ‘வெறுங்கால் கென்’ முதல் இரண்டு தொகுதிகள், பிறகு கோனோ, அதன்பின் ‘வன்னி’ என்ற வரிசையில் படித்துப் பாருங்கள்.