அட்டை இல்லாதவர் ஆட்டத்தில் இல்லை

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்கச் சிறுவன் ஒருவனுக்கு பேஸ்பால் ஆட மைதானம் தேவைப்படவில்லை. சாப்பாட்டு மேசை போதும். சூயிங்கத்தோடு கடையில் கிடைத்த வீரர்களின் பட அட்டைகள், சிவப்பில் ஒரு பகடை, வெள்ளையில் ஒரு பகடை, ஒரு நோட்டு. மிச்சம் அவனே எழுதிக்கொண்ட விதிகள். 'பசங்க விளையாட்டு, இதுல என்ன இருக்கு' என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் விதி எழுதப்படுகிற இடமெல்லாம் அதிகாரமும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அப்படி ஒரு விதியைப் பார்ப்போம். அட்டையின் பின்புறத்தில் ஒருவர் 600 முறை மட்டை பிடித்து 180 'ஹிட்' அடித்ததாக இருக்கிறது. சராசரி .300. சிவப்புப் பகடையைப் பத்தாமிடமாகவும் வெள்ளையை ஒன்றாமிடமாகவும் வைத்துப் படித்தால் 11 முதல் 66 வரை மொத்தம் 36 முடிவுகள். 36இல் .300 பங்கு 10.8. ஆக 11 கட்டம் 'ஹிட்', 25 கட்டம் 'அவுட்'. அவர் 30 ஹோம் ரன் அடித்திருந்தால் அந்தப் பதினொன்றில் இரண்டு ஹோம் ரன். ஒன்பது அட்டைகளை வரிசையாக வை, உருட்டு, மூன்று அவுட் விழுந்ததும் எதிரணிக்குக் கொடு. அவ்வளவுதான்.

ஓர் உடலின் ஒரு வருட உழைப்பு எண்ணாகிறது. எண் நிகழ்தகவாகிறது. நிகழ்தகவு மேசைமேல் மறுபடியும் மனிதனாக நடமாடுகிறது. இந்த மாற்றத்துக்கு அடிப்படை அட்டையின் பின்புறம். டாப்ஸ் நிறுவனம் 1951இல் வெளியிட்ட அட்டைகளில் ஆட்டத்தின் முடிவையே அச்சிட்டு, 52 அட்டை கொண்ட கட்டுகளாகத் தந்தது. சீட்டை எடுத்தால் முடிவு வந்துவிடும். 1952 அட்டைகளின் பின்புறத்திலோ வீரரின் முந்தைய வருடக் கணக்கும் மொத்தக் கணக்கும் இருந்தன. அந்தக் கணக்கை விதியாக்கும் வேலையைச் சிறுவர்கள் பார்த்துக்கொண்டார்கள். வீட்டு மேசையில் பிறந்தது சந்தைக்கும் போனது. கிளிஃபோர்ட் வான் பீக்கின் 'நேஷனல் பாஸ்டைம்' 1930இலும், டிக் சைட்ஸின் 'ஆப்பா' 1951இலும், ஹால் ரிச்மன் சிறுவயதிலேயே யோசிக்கத் தொடங்கிய 'ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்' 1961இலும் விற்பனைக்கு வந்தன. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: பழைய கணக்கிலிருந்து புதிய ஆட்டம்.

இந்த விதிகளில் கூலி பற்றி ஒரு வரிகூட இல்லை. அட்டையில் முகம் கொடுத்த வீரருக்கு டாப்ஸ் தந்தது வருடத்துக்கு 125 டாலர். எஃகுத் தொழிலாளர் சங்கத்திலிருந்து 1966இல் வீரர்கள் சங்கத்துக்கு வந்த மார்வின் மில்லர், 'படம் எடுக்க நிற்காதீர்கள்' என்றார். வீரர்கள் நிற்கவில்லை. 1968இல் நிறுவனம் இறங்கி வந்தது: 250 டாலர், விற்பனையில் 40 லட்சம் டாலர் வரை 8 சதவீதம், அதற்குமேல் 10 சதவீதம். அட்டையின் முன்பக்கத்தில் சிரித்த முகம் ஒரு தொழிலாளியின் முகம் என்பது அப்போதுதான் பலருக்கும் உறைத்தது.

வேடிக்கை என்னவென்றால், ஒரு சிறுவனுக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது. மாசசூசெட்ஸின் லோவெல் நகரில் வளர்ந்த ஜாக் கெரொவாக் கற்பனை அணிகள், கற்பனை வீரர்களைக் கொண்டு தனக்கென்று ஒரு பேஸ்பால் ஆட்டம் உருவாக்கினார். கணக்கு வைத்தார், கையால் செய்தித்தாள் எழுதினார். அதில் வீரர்களின் ஒப்பந்தத் தகராறும் உண்டு! நியூயார்க் பொது நூலகத்தில் அந்தத் தாள்கள் இருக்கின்றன.

கூலி கேட்கவாவது முதலில் அட்டையில் இடம் வேண்டுமே. ஜாஷ் கிப்சனுக்கு அந்த இடம் எங்கே இருந்தது? கறுப்பின வீரர்களைப் பெரிய லீகுகள் 1947 வரை வெளியே நிறுத்தியிருந்தன. 'நீக்ரோ லீக்' எனப்பட்ட அமைப்புகளில் ஆடிய கிப்சன் 1947 ஜனவரியில் 35 வயதில் இறந்தார். ஏப்ரலில் ஜாக்கி ராபின்சன் உள்ளே நுழைந்தார். கிப்சனை மேசையில் ஆடவைக்க நினைத்த சிறுவன் வெற்று அட்டையில் பெயரை எழுதியிருக்கலாம். எத்தனை கட்டம் ஹிட் என்று எப்படிப் போடுவான்? கணக்கு சிதறிக் கிடந்தது. 'பிட்ஸ்பர்க் கூரியர்', 'சிகாகோ டிஃபெண்டர்' போன்ற கறுப்பினப் பத்திரிகைகளின் பழைய பக்கங்களை ஆய்வாளர்கள் வருடக்கணக்கில் தோண்டினார்கள். 2009இல் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் நீக்ரோ லீக் வீரர்களுக்கென்றே ஒரு தொகுப்பு வெளியிட்டது. 1920 முதல் 1948 வரையிலான அந்த லீகுகளும் பெரிய லீகுகளே என்று 2020இல்தான் மேஜர் லீக் பேஸ்பால் ஒப்புக்கொண்டது. 2024 மே மாதம் கணக்குகள் சேர்க்கப்பட்டன. கிப்சனின் சராசரி .372. அதுவரை முதலிடத்தில் இருந்த டை காபை முந்திவிட்டார்.

இதைக் கொண்டாடலாம். கூடவே சந்தேகப்படவும் வேண்டும். வெளியே நிறுத்திய அதே அமைப்புதான் இப்போது உள்ளே வரச் சொல்லி முத்திரை குத்துகிறது. ஊர் ஊராகப் போய் ஆடிய லீகுக்கு வெளியேயான ஆட்டங்கள் அந்த .372இல் இல்லை. கறுப்பின வீரர்களுக்குப் பிழைப்பில் பெரும்பங்கு அந்த ஆட்டங்கள்தான்.

மேசையில் விதி எழுதுகிற சிறுவனுக்கு ஒரு வசதி உண்டு. பிடிக்காத விதியை அடித்துவிட்டு மாற்றி எழுதலாம், கட்டில் இல்லாதவருக்குப் புது அட்டை வெட்டலாம். அதன் பின்புறத்தை நிரப்ப மட்டும் யாராவது பழைய பத்திரிகைகளில் போய் உட்கார வேண்டியிருக்கிறது.