நிலைப் பதிவகம்

அளவைக் கருவி தன் நிலையைக் கணினிக்குச் சொல்லும் நினைவிடம். அடிப்படைப் பதிவகங்கள் எட்டு பிட் கொண்டவை. விதிகளை வகுத்தது 1987-இல் வந்த ஐ.இ.இ.இ. 488.2 தரம், 1990-இன் ஸ்கிபி கட்டளைமொழி அதன்மேல் எழுந்தது.

அவற்றுள் ஒன்றான நிகழ்வுப் பதிவகத்தைப் படித்தால் 36 வருகிறதென்று வைப்போம்: கட்டளைப் பிழைக்கு 32, வினவல் பிழைக்கு 4. படித்ததுமே அது பூஜ்யமாகிவிடும். புதியவர்கள் இடறுவது இங்கேதான். திரும்பத் திரும்பக் கேட்காமல், பிழை நேர்ந்தால் கருவியே கணினியை அழைக்கும்படியும் செய்யலாம்; இதுவே சேவைக் கோரல். வேலம்பாளையத்து நிட்டிங் மெஷின் நூல் அறுந்ததும் நின்று விளக்கு எரியும். ஆள் ஒவ்வொரு கோனாகப் பார்ப்பதில்லை. அதே ஏற்பாடுதான். கட்டளைப் பிழைக்கு இரண்டு அனுமதிப் பதிவகங்களில் 32 எழுத வேண்டும்: ஒன்று நிகழ்வுக்கு, மற்றது சேவைக் கோரலுக்கு. எண் ஒன்றாக அமைந்தது தற்செயல்.